வழி கேட்காமல் வால்பாறைக்கு

ஏப்ரல் 21, திங்கள்

புதிதாக வந்திருக்கும் தபால்காரருக்கு இந்த வீட்டின் நடைமுறை தெரியவில்லை. வால்பாறை முத்திரை விழுந்து எது வந்தாலும் முதலில் என்னிடம் காட்ட வேண்டும். பழையவர் அப்படித்தான் செய்வார். இவர் வண்டியை நிறுத்தி, "அம்மா, தபால்" என்று கூப்பிட்டு, நேராகக் கோமதியின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். முப்பத்தெட்டு வருடம் அஞ்சல் துறையில் இருந்து, சப் போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்ற ஆவுடையப்பன் வீட்டிலேயே பட்டுவாடா இந்த லட்சணத்தில் நடக்கிறது.

வந்தது ஓர் அழைப்பிதழ். மே 3, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். ஜெபம், பிறகு விருந்து. குழந்தையின் பெயர் ஜெமிமா கோமதி. என் மனைவியின் பெயரை எடுத்துப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். என்னிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

அனுப்புநர் யார் என்று எழுதிவிடுகிறேன். பிற்காலத்தில் இதைப் புரட்டும்போது எனக்கே குழப்பம் வரக் கூடாது. என் ஒரே மகள். ஆறு வருடத்துக்கு முன் எபனேசர் என்ற எஸ்டேட் கம்பவுண்டரை ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்துக் கட்டிக்கொண்டு மலையேறிப் போனவள். அவர்கள் சாதியும் வேறு, சாமியும் வேறு. அன்றிலிருந்து அவள் பெயரை நான் சொல்வதில்லை. இந்த நோட்டில் அவள் அனுப்புநர்.

கோமதி கார்டை மூன்று முறை படித்தாள். "நான் போறேன். நீங்க வந்தா வாங்க, வராட்டி இருங்க" என்றாள். பிறகு கிரைண்டரைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் நான் சொன்ன எதுவும் அவள் காதில் விழவில்லை என்று பிறகு சொன்னாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பேச்சுவார்த்தை இல்லை. காலையிலும் இரவிலும் உப்புமா.

ஏப்ரல் 24, வியாழன்

கோமதியின் மூட்டுவலியை முன்னிட்டு நானே கார் ஓட்டிப் போவதாக முடிவு செய்திருக்கிறேன். இது என் சொந்த முடிவு. உப்புமாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நிபந்தனையும் சொல்லிவிட்டேன். எஸ்டேட் கேட் வரைதான் வருவேன். அவள் இறங்கி உள்ளே போகலாம். நான் காரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். விருந்து முடிந்ததும் வந்து ஏறிக்கொள்ள வேண்டும்.

"கேட்டுலயே இருங்க. காத்து நல்லா வரும்" என்றாள். அங்கே காற்று வரும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மலை என்றால் காற்று வராதா என்றாள். நியாயம்தான்.

ஏப்ரல் 25, வெள்ளி

நான் யாரிடமும் வழி கேட்பதில்லை. இதைத் திமிர் என்று கோமதி பல வருடமாகச் சொல்லி வருகிறாள். அனுபவம் என்பதே சரியான சொல்.

நம் ஆட்களுக்கு வழியை மட்டும் சொல்லி அனுப்பும் பழக்கம் கிடையாது. "யாரு வீட்டுக்கு?" என்பார்கள். சொன்னால், "அவுக உங்களுக்கு என்ன வேணும்?" என்பார்கள். அரை லிட்டர் பால் வேணும் என்றா பதில் சொல்ல முடியும்? உறவுமுறையைச் சொல்ல வேண்டும். அண்ணனா, மச்சானா, சம்பந்தக்காரரா என்று விளக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் இடது பக்கம் திரும்பணும் என்ற தகவலே வெளியில் வரும். எபனேசர் எனக்கு என்ன வேணும் என்று எவனோ ஒரு டீக்கடைக்காரனுக்கு நான் எதற்காகச் சொல்ல வேண்டும்?

போன் இதையெல்லாம் கேட்காது. அதில் மேப் இருக்கிறது. மலையில் சிக்னல் கிடையாதாம். ஆனால் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் வழி காட்டுமாம். நாளை அதைச் செய்துவிடுவேன்.

ஏப்ரல் 26, சனி

மேப்பை இறக்கி வைப்பது எப்படி என்று ஒரு வீடியோ பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம். அதில் ஏழு நிமிடம், தன் சேனலுக்கு வந்ததற்கு நன்றி சொன்னார். மூன்று நிமிடம், மணிப் படத்தை அழுத்தச் சொன்னார். மீதி இரண்டு நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லும்போது அவர் விரலே திரையை மறைத்தது. மூன்று முறை பார்த்துப் பிடித்துக்கொண்டேன்.

செய்முறை இதுதான். திரையில் ஒரு நீலக் கட்டம் வரும். எந்தப் பகுதி வேண்டுமோ அதன்மேல் கட்டத்தை வைத்து இறக்க வேண்டும். நான் சங்கரன்கோவிலில் தொடங்கி வால்பாறைக்கு அப்பாலும் சேர்த்துத் தாராளமாக இழுத்தேன். போனில் இடம் போதாது என்று வந்தது.

இடத்தை அடைத்திருப்பது காலை வணக்கம். ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர் குழுவில் தினமும் முப்பது பேர் காலை வணக்கம் போடுகிறார்கள். ரோஜாப்பூ, சூரியோதயம், ஆவி பறக்கும் காபி. நாலாயிரத்துச் சொச்சம் படங்கள் சேர்ந்திருக்கின்றன. அழிக்கலாம்தான். ஆனால் அவர்களில் ஆறேழு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவர்கள் போட்ட ரோஜாப்பூதான் மிச்சம். எனவே கட்டத்தைச் சிறியதாக்கிக்கொண்டேன்.

பொள்ளாச்சி வரைக்கும் சிக்னல் இருக்கும். மலைக்கு மட்டும் கட்டம் போதும்.

ஏப்ரல் 28, திங்கள்

சின்னக் கட்டத்தை மலையில் எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. எஸ்டேட்டின் பெயர் சோலைக்கொம்பு. அதைத் தட்டினால் ஒரு ஓட்டல், ஒரு தேயிலைத்தூள் கடை, கேரளாவில் ஓர் ஆயுர்வேத மடம் என்று எதை எதையோ காட்டுகிறது. எஸ்டேட் பெயர் முதலாளி மாறினால் மாறும். மாறாதது ஒன்று உண்டு. பின்கோடு.

விலாசம், சோலைக்கொம்பு எஸ்டேட், பாறைமட்டம் அஞ்சல், பிறகு பின்கோடு. ஆறு இலக்கத்தையும் தட்டினேன். பாறைமட்டத்தின் தலையில் சிவப்புப் புள்ளி வந்து நின்றது. அதைச் சுற்றிக் கட்டத்தை வைத்து, இறக்கி, பெயரும் கொடுத்துவிட்டேன். பெயர், "கேட்".

அந்தப் பின்கோடு எனக்கு மனப்பாடம். கார்டைப் பார்க்கத் தேவையில்லை. நான் பணியில் இருந்த கடைசி வருடம் அங்கிருந்து மூன்று பதிவுத் தபால்கள் எனக்கு வந்தன. பெறுநரும் நானே, அலுவலகத் தலைவரும் நானே. மூன்றிலும் "பெற மறுத்தார்" என்று என் கையாலேயே எழுதி, முத்திரை குத்தி, அன்றன்றே திருப்பி அனுப்பினேன். ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை.

வேலை முடிந்த திருப்தியில் கோமதியிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "தபாலு போற வழியும் காரு போற வழியும் ஒண்ணாவா இருக்கும்?" என்றாள். முப்பத்தெட்டு வருட சர்வீஸ்காரனிடம் வந்து தபாலைப் பற்றிப் பேசுகிறாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காருக்கு எண்ணெய் மாற்றினேன். சக்கரங்களுக்குக் காற்று. முன்கண்ணாடித் துடைப்பான் ஒன்று தேய்ந்திருந்தது, அதையும்.

கோமதி இல்லாத வீட்டில் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அதற்காகப் பயந்து நான் கூடப் போகவில்லை. போன வருடம் மே மாதம், தென்காசியில் இவள் அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று பத்து நாள் போய்ப் பார்த்துக்கொண்டாள். ஓட்டல் இட்லியில் நாள் கடத்தினேன். திரும்பி வந்தபோது சேலை முழுக்க வசம்பு வாசம். இடுப்பெலும்புக்கு வசம்பு உரைத்துப் போடுவார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அதற்கடுத்த மாதமே ஒரு கல்யாண வீட்டில் அக்கா விறுவிறுவென்று நடந்து பந்தி விசாரித்துக்கொண்டிருந்தாள். நாட்டு வைத்தியத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஏப்ரல் 30, புதன்

கோமதி ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கினாள். கடைக்காரர் கால் அளவு கேட்டார். கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து வளையம் போட்டு, "இம்புட்டு" என்று யோசிக்காமல் காட்டினாள். "இப்ப கொஞ்சம் பூசியிருக்கும்" என்று வளையத்தை ஒரு இழை அகலமாக்கவும் செய்தாள். கண்ணால் பார்க்காத குழந்தை. பெண்களுக்கு இதெல்லாம் பிறவியிலேயே தெரியும்போல.

போனில் இணையத்தை நிறுத்திவிட்டு மார்க்கெட் வரை ஓட்டிப் பார்த்தேன். மேப்பில் ஒரு பெண் பேசுகிறாள். "நூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும், பின்னர் இடப்புறமாகவே இருக்கவும்." அரசாணையை வாசிப்பது மாதிரி. கோமதி பின்சீட்டில் இருந்து, "இவ சொன்னா மட்டும் திரும்புதிய" என்றாள்.

மே 1, வியாழன்

சலவைக்குப் போன வேட்டிகள் வரவில்லை. வேறு வழியின்றிப் பட்டுக்கரை வேட்டியை எடுத்து வைத்தேன். காரில் உட்காருவதற்கு எதுவானால் என்ன.

மே 2, வெள்ளி. பொள்ளாச்சி

காலை ஆறுக்குக் கிளம்பி, ராஜபாளையம், உசிலம்பட்டி, பழனி, உடுமலை வழியாக மாலை நான்கரைக்குப் பொள்ளாச்சி. ஒருவரிடமும் வழி கேட்கவில்லை. வழியில் ஒரு ரவுண்டானாவில் "இரண்டாவது வெளியேறலை எடுக்கவும்" என்றாள் மேப்புக்காரி. அது என்ன என்று நான் யோசிப்பதற்குள் மூன்று சுற்று சுற்றிவிட்டேன். நான்காவது சுற்றில் போக்குவரத்துக் காவலர் சல்யூட் அடித்தார்.

லாட்ஜில் அறை நன்றாக இருக்கிறது. கோமதி கொலுசை எடுத்துப் பார்ப்பதும் பையில் வைப்பதுமாக இருக்கிறாள். அனுப்புநர் சின்ன வயதில் கொலுசைக் கழற்றிப் பல்லால் கடிப்பாள். இதை நான் சொல்லவில்லை. கோமதி சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே 3, சனி. மாலை ஐந்து மணி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். ஆழியாறு தாண்டியதும் சிக்னல் செத்தது. மேப் சாகவில்லை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் நீலப் புள்ளி எங்களோடு ஏறி வந்தது. முன்னால் போன ஜீப்காரர்கள் ஓரம் கட்டி யாரையோ வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஹாரன் அடித்துவிட்டுப் போனேன்.

வால்பாறையைத் தாண்டிச் சில மைலில் ஒரு பிரிவு. ஒரு நிழற்குடை, பக்கத்தில் இடதுபுறம் சரிவில் இறங்கும் பாதை. அங்கே கோமதி இருமினாள். நேராகப் போகச் சொன்னது மேப். போனேன். இரண்டாவது முறையும் இருமினாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

பதினொன்றே கால் மணிக்கு மேப்புக்காரி, "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்றாள். இறங்கிப் பார்த்தேன். எதிரே தகரக் கூரை போட்ட ஓர் ஒற்றை அறை, வாசலில் சிவப்பு தபால் பெட்டி, மேலே "பாறைமட்டம் கிளை அஞ்சலகம்" என்று பலகை. எஸ்டேட்டும் இல்லை, கேட்டும் இல்லை. சுற்றிலும் பனி. போனை எந்தப் பக்கம் தள்ளினாலும் என் கட்டம் முடிந்து வெறும் சாம்பல் நிறம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பின்கோடு தபால் எங்கே பிரிக்கப்படுகிறது என்பதைச் சொல்லும். ஆள் எங்கே இருக்கிறார் என்பதை எங்கே சொன்னது? பாறைமட்டத்தில் பிரித்து, அங்கிருந்து ஒருவர் எட்டு மைல் நடந்தோ ஜீப் பிடித்தோ கொண்டுபோய்க் கொடுப்பார். இதை நான் புதிதாகச் சேரும் பையன்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

கோமதி மணி பார்த்தாள். "பன்னெண்டுக்குக் கேக்கு வெட்டுவாக" என்றாள். "உள்ளே போய்க் கேளுங்க."

"நீ போய்க் கேளு."

"என் மூட்டுதான் வலிக்குல்லா. அதுக்குத்தானே நீங்க வந்திய."

உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் முத்திரைக் கட்டைக்கு மை தடவிக்கொண்டிருந்தார். பெயர் தங்கமணி என்று பலகையில் இருந்தது. சோலைக்கொம்பு எஸ்டேட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டேன்.

"வந்த வழியிலயே திரும்பிப் போகோணுங்க. அங்க யாரு வீட்டுக்குங்க?"

"கம்பவுண்டர். எபனேசர்."

"நம்ம எபனேசரா? நீங்க அவருக்கு என்ன வேணுங்க?"

"நானும் டிபார்ட்மெண்டுதான்மா. எஸ்.பி.எம். ரிட்டயர்டு. சங்கரன்கோவில்" என்றேன். அந்தம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"சங்கரன்கோவிலுங்களா? எபனேசர் சம்சாரம் வடிவோட அப்பாவும் அங்கதான் போஸ்ட் மாஸ்டருங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. பாவம், ரெண்டு காலும் வராம படுத்த படுக்கையா இருக்கறாருங்களாம்."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"வடிவுதாங்க. கல்யாணம் ஆன புதுசுல அப்பாவுக்கு மூணு ரிஜிஸ்டர் லெட்டர் போட்டுச்சு. மூணும் திரும்பி வந்துருச்சு. பெற மறுத்தார்னு எழுதியிருக்குது. நான்தான் அது கையில கொடுத்தேன். கொடுக்கறதுக்கே சங்கடமா இருந்துச்சுங்க. அதுதான் எனக்கு ஆறுதல் சொல்லிச்சு. அப்பாவுக்கு எந்திரிக்க முடியாது அக்கா, வாசலுக்கு வந்து கையெழுத்துப் போட முடியாது, அது தெரியாம மறுத்துட்டார்னு எழுதிட்டாங்க, அப்படின்னு." முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தார். "நீங்க இருந்த ஆபீஸ்தான், தப்பா நினைக்காதீங்க. எந்த மடையன் அப்படி எழுதினானோ."

அந்த மடையன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். வடிவு சொன்ன பொய்யை அந்தம்மா ஆறு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார். அப்பாவுக்கு மனசு வரவில்லை என்று வெளியாட்களிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. என்னை நொண்டியாக்கிக் காப்பாற்றி வைத்திருக்கிறாள்.

"அது சரி, நீங்க அவங்களுக்கு என்ன வேணும்னு சொல்லவே இல்லீங்களே" என்றார் தங்கமணி.

"அப்பா" என்றேன். "வடிவுக்கு அப்பா."

அந்தம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். பட்டுக்கரை வேட்டிக்குக் கீழே இரண்டும் தரையில் நன்றாக ஊன்றியிருந்தன. சங்கரன்கோவிலில் இருந்து கிளட்சையும் பிரேக்கையும் மிதித்து வந்த கால்கள். பிறகு வாசலைப் பார்த்தார். அங்கே கார் கண்ணாடியை இறக்கிக் கோமதி, "தங்கமணி, நல்லாருக்கியளா? அந்த மஞ்சப்பை பார்சல் போன மாசம் கிடைச்சுதுல்லா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

இதைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. காரைத் திருப்பும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டேன். வழி தெரிந்தவள் ஏன் சொல்லவில்லை?

"நீங்க கேக்கலியே" என்றாள் கோமதி.

தென்காசி இடுப்பெலும்பைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "பிரசவத்துக்குத் தாய் வராம அவ என்ன அநாதையா? அங்க வந்த பெறவுதான் உங்க காலு கதை எனக்கே தெரியும். நான் என்ன சொல்ல? காலு நல்லாத்தான் இருக்கு, மனுசன்தான் சரியில்லன்னு சொல்லவா? பேசாம இருந்துட்டேன்."

நிழற்குடைப் பிரிவில் திரும்பிச் சரிவில் இறங்கினேன். கேட் என்று ஒன்றும் இல்லை. இரண்டு கல்தூண்கள் மட்டும் இருந்தன. எங்கே நிறுத்துவது என்று தெரியாததால் வீட்டு வாசல் வரைக்கும் ஓட்டிப் போய்விட்டேன்.

முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். நான் காரை விட்டு இறங்கி நிற்கவும் ஒரு வயதான அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்து, என் முன்னால் மண்டியிட்டு, இரண்டு முழங்காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். எபனேசரின் தாயார் அன்னபாக்கியம். என் போட்டோவை வடிவிடம் வாங்கி வைத்துக்கொண்டு, ஆறு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் மதியம் சாப்பிடாமல் என் காலுக்காக ஜெபம் செய்கிறாராம். பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு. நேற்றும் சாப்பிடவில்லையாம். நேற்று மதியம் நான் பழனியில் ஃபுல் மீல்ஸ் சாப்பிட்டேன். பாயசம் இரண்டாம் தரம் வாங்கினேன்.

"நடந்து வந்திட்டாரு, கண்ணால பாத்துட்டேன்" என்று அந்தம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். காது சரியாகக் கேட்காது அவருக்கு. நான் சொல்ல முயன்றது எதுவும் ஏறவில்லை. சுற்றி நின்றவர்களெல்லாம் ஸ்தோத்திரம் சொன்னார்கள். சிலர் என் காலைத் தொட்டுப் பார்த்தார்கள். சாதி பார்த்து, இவர்கள் பக்கத்தில் உட்காரவே யோசித்தவன் நான்.

வடிவு வாசற்படியில் குழந்தையோடு நின்றாள். மெலிந்துவிட்டாள். முன்நெற்றியில் நரை. என்னைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். இந்தப் பொய்யை இனி யார் உடைப்பது என்று கேட்கிற பார்வை அது.

சாப்பாட்டின்போதும் நேராகப் பேசவில்லை. "அவங்களுக்கு ரசம் வேணுமான்னு கேளுங்கம்மா" என்று கோமதி வழியாகத்தான் எல்லாம். தபால் பாறைமட்டம் சுற்றி வருகிறது. நான் வாங்கிக்கொண்டேன். குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

குழந்தை என் மடியில் ஐந்து நிமிடம் இருந்தது. கொலுசு சரியாக இருந்தது.

விருந்து முடிந்து கிளம்பிய போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாளை ஆராதனையில் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். அதாவது, எழுந்து முன்னால் நடந்து போய், என் கால்கள் எப்படிச் சுகமாயின என்று எல்லாருக்கும் சொல்ல வேண்டுமாம். இன்றே கிளம்ப வேண்டும் என்றேன். பனியில் வண்டி இறங்காது என்று எபனேசர் சொன்னார். பனி அவ்வளவு ஒன்றும் இல்லை.

மே 4, ஞாயிறு

காலையில் கோமதியிடம் என்ன செய்வது என்று கேட்டேன். "உங்க காலு, உங்க வாயி" என்றாள்.

கடவுள் கிருபை என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருவது சுலபம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. அன்னபாக்கியம் அம்மாவுக்கு ஆறு வருடப் பட்டினி வீணாகவில்லை என்று இருக்கும். வடிவின் பொய்யும் காப்பாற்றப்படும். ஊருக்குத் திரும்பி நானும் ஆரோக்கியமாக இருக்கலாம். தேவாலயத்துக்குப் படி ஏறும்வரை அதைத்தான் சொல்வதாக இருந்தேன்.

தகர ஷெட்தான் தேவாலயம். போதகர் என் பெயரைச் சொன்னதும் நான் எழுந்து முன்னால் நடந்தேன். அத்தனை பேரும் என் நடையைப் பார்த்தார்கள். இத்தனை வயதில் நான் நடப்பதை யாரும் இவ்வளவு ஆசையோடு பார்த்தது இல்லை. தங்கமணியும் மூன்றாவது வரிசையில் இருந்தார். வடிவு கடைசி பெஞ்சில், தலை குனிந்து குழந்தையின் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மைக்கில் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங் காலுக்கு ஒண்ணுமில்ல. ஆறு வருசமும் நல்லாத்தான் இருந்துச்சு. எம் மக வடிவு எனக்கு மூணு லெட்டர் போட்டா. மூணையும் நாந்தான் வேண்டாம்னு எழுதித் திருப்பி அனுப்பினேன். அந்த எழுத்து என் எழுத்து. அதை வெளிய சொல்ல அவளுக்கு மனசு வரல. அப்பாவுக்குக் காலு வராதுன்னு சொல்லிட்டா. நீங்க எல்லாரும் எனக்காகச் சாப்பிடாம இருந்திருக்கிய. நான் அங்க மூணு வேளையும் சாப்பிட்டுட்டுத்தான் இருந்தேன்."

மைக்கைப் போதகரிடம் நீட்டினேன். போதகர் வாயைத் திறந்தார், மூடினார்.

முன்வரிசையில் இருந்த அன்னபாக்கியம் அம்மா மகன் பக்கம் சாய்ந்து, காது கேட்காதவர்கள் பேசும் குரலில், "என்னலே சொல்லுதாரு?" என்று கேட்டார்.

எபனேசர் என்னைப் பார்த்தார். நான் அவரிடம் இதுவரை முழுதாக நாலு வார்த்தை பேசியதில்லை. குனிந்து தாயார் காதருகே, எல்லாருக்கும் கேட்கும்படி, "காலு நல்லாருக்குன்னு சொல்லுதாரும்மா" என்றார்.

"ஸ்தோத்திரம்" என்றார் அந்தம்மா. போதகருக்கு உயிர் வந்தது. அவரும் சொன்னார். பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். தேவாலயத்தில் இருந்து பாதைக்கு இறங்க முப்பது கல்படிகள், முழுக்கப் பாசி. கோமதி எபனேசரின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். நான் முதல் படியில் கால் வைத்தேன். பின்னால் வடிவு குழந்தையோடு வந்து நின்றாள். நான் மைக்கில் சொன்னதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"பாத்து இறங்குங்கப்பா" என்றாள். "காலு புதுசு."